யாரோ ஒரு பிள்ளையின் ஸ்டாம்ப் ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், திருவல்லிக்கேணி நடைபாதையிலும், பழைய பேப்பர் கடைகளிலும் பிள்ளைகள் சேர்த்து வைத்த பொருள்களைத் தேடி வாங்குவது என் பல வருடப் பழக்கம். ஸ்டாம்ப் ஆல்பம், தீப்பெட்டிப் படம், காமிக்ஸ் கட்டு, காசு டப்பா என்று எது கிடைத்தாலும் நின்று பார்ப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களும், சந்தையில் பக்கத்தில் நிற்பவர்களும், பழைய வீட்டைக் காலி செய்யும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சிறுவயதுச் சேகரிப்பு என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

ஒரு பிள்ளை தானாகத் தேடிச் சேர்த்து, தனக்குப் பிடித்த ஒழுங்கில் அடுக்கி வைத்த எதுவும். ஸ்டாம்ப், தீப்பெட்டிப் படம், பஸ் டிக்கெட், சோடா மூடி, கோலி, சினிமா பிலிம் துண்டு, பழைய காசு, வார இதழ்களில் இருந்து கத்தரித்த தொடர்கதைப் பக்கங்கள் எல்லாம் இதில் வரும். புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகையும் சேர்த்துக்கொள்வேன். அது குட்டி போடும் என்று நம்பித்தானே வைத்திருக்கிறது அந்தப் பிள்ளை.

பெரியவர்கள் கடையில் வாங்கிக் கொடுத்த பொம்மைகளை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றுக்கும் பாசம் உண்டு, அது வேறு வகை. சேகரிப்பில் அந்தப் பிள்ளை அலைந்த அலைச்சல் இருக்கிறது. யாரிடம் கெஞ்சியது, யாருடன் சண்டை போட்டது, எதைக் கொடுத்து எதை வாங்கியது என்பதெல்லாம் பொருளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இவை எங்கே கிடைக்கும்?

சென்னையில் முதலில் பல்லாவரம். பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை. ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது, இப்போது பழைய நாற்காலி, மிக்ஸி மோட்டார், செடி, புறா, மீன் தொட்டி எல்லாம் கிடைக்கும். தரையில் தார்ப்பாய் விரித்து உட்காரும் வியாபாரிகளிடம்தான் நம் சரக்கு இருக்கும். பீங்கான் கோப்பைகளுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டின் கிடக்கும், திறந்து பாருங்கள். காலை ஏழு, ஏழரைக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் நல்லதெல்லாம் கைமாறியிருக்கும், வெயிலும் தாங்காது.

திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைப் புத்தகங்கள். சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம். அங்கே இருப்பவர்கள் பலர் பழைய மூர் மார்க்கெட் கடைக்காரர்களின் வழி வந்தவர்கள். மூர் மார்க்கெட்டைப் பார்க்காத தலைமுறைக்காகச் சொல்கிறேன். 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த சிவப்புக் கட்டடம் அது. பழைய புத்தகம், ஸ்டாம்ப், காசு, கிராமபோன் தட்டு எதுவானாலும் அங்கேதான். 1985 மே 30ஆம் தேதி தீயில் போனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது.

வெளியூர்களில் என்றால் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையின் ஞாயிறு சந்தை, கோவை உக்கடத்தின் பழைய புத்தகக் கடைகள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. காரைக்குடியில் தேக்குத் தூணும் பீங்கான் ஜாடியும் வாங்கத்தான் எல்லோரும் போகிறார்கள். பெட்டகத்தோடு வரும் காகிதக் கட்டுகளை யாரும் கேட்பதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்குப் போன வீடுகள் அவை. கடிதங்களில் ஸ்டாம்ப் இருந்த மூலை மட்டும் கத்தரித்திருந்தால், அந்த வீட்டில் ஸ்டாம்ப் சேர்த்த பிள்ளை இருந்தது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கிடைத்தது தெருமுனைப் பழைய பேப்பர் கடைகளில்தான். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடைக்கு அனுப்பும் முன் எடுத்து வைப்பார்.

இவ்வளவு ஆசையாகச் சேர்த்தது எப்படிச் சந்தைக்கு வருகிறது?

பெரும்பாலும் வீடு மாறும்போதும், பெரியவர்கள் காலமான பிறகும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். பத்து நாள் விடுப்பில் வந்து காரியம் முடித்து, வீட்டைப் புரமோட்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பரணைக் காலி செய்ய ஆள் வைத்து மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவார்கள். பித்தளை அண்டா ஒரு பக்கம் போகும், மரச்சாமான் ஒரு பக்கம் போகும், காகிதம் பேப்பர் கடைக்குப் போகும். பேப்பர் கடையில் கண் உள்ள ஒருவர் கையில் அது பட்டால் சந்தைக்கு வரும். படாவிட்டால் காகிதக் கூழ்தான்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. துக்க வீட்டில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்க்க யாருக்கு மனம் வரும்?

என்னிடம் ஒரு பழைய ஆல்பம் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமா?

போகாது. நிச்சயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏமாந்து போவதைவிட இது நல்லது.

1960களிலும் 70களிலும் நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆல்பங்களில் நிறைந்திருந்தவை பாக்கெட் ஸ்டாம்புகள். ஹங்கேரி, போலந்து, ருமேனியா, கிழக்கு ஜெர்மனி, சோவியத் யூனியன் போன்ற நாடுகள் சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே முழுத்தாளாக அச்சடித்து, மூலையில் முத்திரையும் குத்தி அனுப்பின. கடிதத்தில் ஒரு நாளும் பயணம் செய்யாத ஸ்டாம்புகள். பின்பக்கம் பசை அப்படியே இருக்கும், முத்திரை மூலையில் அளவெடுத்தாற்போல் விழுந்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ரஷ்ய ஸ்டாம்பில் இருந்த எழுத்தைச் 'சி.சி.சி.பி.' என்றுதான் நாங்கள் வாசித்தோம். அது ரஷ்ய எழுத்து என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் கைவைன். 1971 கடைசியில் ஐக்கிய அரபு அமீரகமாகச் சேர்வதற்கு முன் அந்தச் சின்ன நாடுகள் வெளிநாட்டு வியாபாரிகளோடு ஒப்பந்தம் போட்டு மீன், பூனை, விண்கலம், ஐரோப்பிய ஓவியம் என்று கணக்கில்லாமல் ஸ்டாம்ப் வெளியிட்டன. பார்க்க அவ்வளவு அழகு. கோடிக்கணக்கில் இருப்பதால் விலை மட்டும் இல்லை.

பழைய நோட்டுக்கும் காசுக்கும் லட்சம் தருகிறோம் என்று போனுக்கு வரும் செய்திகளை நம்பவே வேண்டாம். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷன் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிவிப்பு வெளியிட்டது.

விலை இல்லை என்றால் ஏன் வாங்குகிறீர்கள்?

என்னிடம் இருக்கும் ஓர் ஆல்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பல்லாவரத்தில் 200 ரூபாய்க்கு வாங்கியது.

ஆல்பம் என்று சொன்னாலும் அது ஒரு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு. காக்கி அட்டை போட்டு, அதன்மேல் 'ஸ்டாம்பு புத்தகம், 6 ஆ, 1973' என்று நீல மையில் எழுதியிருக்கிறது. 'ஆ'வின் சுழியில் மை கொட்டி ஊறியிருக்கிறது. உள்ளே திறந்தால் நாடுவாரியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முதல் தலைப்பு 'அப்பா ஆபீஸ்'. அடுத்தது 'போஸ்ட்மேன் மாமா'. அதற்கடுத்து 'சிங்கப்பூர் சித்தப்பா'. கடைசியில் 'மாற்றியது'. யார் கொடுத்தார்களோ அவர்கள் பெயரில்தான் பக்கம் பிரித்திருக்கிறது அந்தப் பிள்ளை.

'அப்பா ஆபீஸ்' பக்கத்தில் ஒரே மாதிரி ஸ்டாம்ப் 22 இருக்கின்றன. அப்பா, அம்மா, பிள்ளைகள் படம் போட்ட 5 பைசா குடும்ப நல ஸ்டாம்ப், அதன்மேல் அகதிகள் நிவாரணம் என்று கறுப்பில் அச்சு. 1971 நவம்பரில், கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்த அகதிகளுக்காகக் கடிதங்களுக்கு 5 பைசா கூடுதலாக ஒட்டச் சொன்னார்கள். தனி ஸ்டாம்ப் அச்சாகி வரும்வரை இருந்த ஸ்டாம்பின் மேலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். அலுவலகத்துக்கு வந்த உறைகளில் இருந்து அந்த அப்பா ஒவ்வொன்றாகக் கிழித்து, சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பிள்ளை ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே மாதிரி 22ஐயும் வரிசையாக ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றின் ஓரத்திலும் சோற்றுப் பருக்கை காய்ந்த தடம்.

'மாற்றியது' பக்கத்தில் ஒரு ஸ்டாம்புக்குக் கீழே 'ஹெல்வெடியா. எந்த நாடு? சார்கிட்ட கேக்கணும்' என்று இருக்கிறது. பக்கத்தில் வேறு மையில் 'சுவிட்சர்லாந்து'. கேட்டிருக்கிறது, சார் சொல்லியிருக்கிறார். இன்னொரு இடத்தில் ராணி தலை போட்ட ஸ்டாம்புக்குக் கீழே 'பேர் இல்லாத நாடு'. 1840இல் உலகத்திலேயே முதலில் ஸ்டாம்ப் வெளியிட்ட நாடு என்பதால் பிரிட்டன் தன் ஸ்டாம்பில் பெயர் போடுவதில்லை. அதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைசிவரை பேர் இல்லாத நாடாகவே இருக்கிறது.

பின்னட்டையின் உட்பக்கத்தில் கணக்கு. '2 ஹங்கேரி – 1 சிலோன்.' '3 போலந்து – 1 ஜப்பான்.' கடைசி வரி: 'பூட்டான் ஆடுற ஸ்டாம்பு – 14 கொடுத்தேன்.' பூட்டான் 1967இல் விண்வெளிப் படங்களோடு பிளாஸ்டிக் மேற்பரப்பு உள்ள முப்பரிமாண ஸ்டாம்புகளை வெளியிட்டது. சாய்த்துப் பார்த்தால் அசைவது போல இருக்கும். பதினான்கு ஸ்டாம்ப் கொடுத்து வாங்கிய அந்த ஒன்று ஆல்பத்தில் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு மூலையும் பென்சிலால் கோடு போட்டு, நடுவில் 'போச்சு' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இதைப் பிரித்து ஸ்டாம்ப் ஸ்டாம்பாக விற்றால் எல்லாம் சேர்ந்து 200 ரூபாய் தேறுமா என்பது சந்தேகம். நோட்டு முழுசாக இருப்பதால்தான் ஒரு அப்பாவும், ஒரு போஸ்ட்மேனும், ஒரு வாத்தியாரும், ஏமாற்றிவிட்டுப் போன ஏதோ ஒரு கூட்டாளியும் எனக்குத் தெரிய வருகிறார்கள்.

அது உங்கள் பிள்ளைப்பருவம் இல்லையே. யாரோ ஒருவருடையதுதானே?

ஆமாம். என்னுடையது போய்விட்டது.

என் பெரியப்பா மலேசியாவில் ஈப்போவில் இருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். 1971இல் மலேசியா ஒவ்வொரு மாநிலத்துக்கும் பட்டாம்பூச்சி போட்ட ஸ்டாம்ப் வரிசை வெளியிட்டது, ஏழு ஸ்டாம்ப் கொண்ட வரிசை. ஈப்போ இருக்கும் பேராக் மாநில வரிசையில் என்னிடம் ஐந்து இருந்தன. ஆறாவது வந்த கடிதத்தை மழையில் நனைத்துவிட்டார்கள், ஸ்டாம்ப் உரிந்து விழுந்துவிட்டது. ஏழாவது வரவே இல்லை. 1984இல் வீடு மாறினோம். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் என் ஆல்பமும் பழைய பாடப்புத்தகங்களும் எடைக்குப் போய்விட்டன. அம்மா தெரிந்து செய்யவில்லை. மேல் அட்டை போன நோட்டு, அவருக்கு அது ஒரு பழைய நோட்டுதான். விஷயம் தெரிந்ததும் அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். லோடு போய்விட்டது என்று சொன்னார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை.

பல்லாவரத்தில் டப்பாக்களைத் திறக்கும்போது இன்னமும் பட்டாம்பூச்சியைத்தான் தேடுகிறது கண்.

தொலைந்த அதே பொருளைத் திரும்பக் கண்டுபிடித்தவர்கள் உண்டா?

அதே மாதிரிப் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் நிறைய. தன் கையெழுத்தோடு தன் பொருளையே கண்டவரை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் 'அதே மாதிரி' என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாரதி சாலையில் அறுபது வயதுக்காரர் ஒருவர் பழைய அம்புலிமாமா இதழை எடுத்து, பிரிக்காமல், முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுத்ததைக் கண்டிருக்கிறேன்.

தீப்பெட்டிப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இது நம் மண்ணின் சேகரிப்பு என்பதால் எனக்குத் தனிப் பிரியம்.

1922இல் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த வருடம் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே, அதற்காக அச்சகங்கள் வந்தன. பிறகு அச்சே அந்த ஊரின் பெரிய தொழிலாகிவிட்டது. சின்னச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். சிறுத்தையோடு மல்லுக்கட்டும் ஆள், கப்பல், அணில், கிளி, பூ, சாவி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைச் சொல்லித்தானே கடையில் கேட்டு வாங்கினார்கள்.

மரச் சில்லுப் பெட்டி இருந்த காலத்தில் லேபிளைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரிக்க வேண்டும். அட்டைப் பெட்டி வந்த பிறகு கத்தரித்தால் போதும். அதனால் ஒரு சேகரிப்பு எந்தக் காலத்தது என்று ஓரத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மெல்லிய காகிதமாக, லேசாகச் சுருங்கியிருந்தால் பழசு. கத்தரி கோணலாகப் போயிருந்தால் வெட்டிய கை சின்னக் கை.

பெட்டிக்கடை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் தண்டவாள ஓரத்திலும் பொறுக்கியவை இவை. காசே தேவைப்படாத சேகரிப்பு. ஸ்டாம்புக்கு வெளிநாட்டுச் சொந்தம் வேண்டும், ஆபீஸ் போகும் அப்பா வேண்டும். தீப்பெட்டிப் படத்துக்கு நடக்கக் கால் இருந்தால் போதும். அதனாலேயே வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் பங்கு இதில் அதிகம், சந்தைக்கு வராமல் அழிந்ததும் இதுதான் அதிகம்.

காமிக்ஸ்?

விலை உள்ள வகை இது ஒன்றுதான். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984இல். இரண்டுமே சிவகாசி. ஒரு பிள்ளை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த தீப்பெட்டிப் படமும் காமிக்ஸும் ஒரே ஊரில் இருந்து வந்தவை என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

ஆரம்ப இதழ்களைத் தேடி வாங்குகிறவர்கள் நல்ல தொகை கொடுக்கிறார்கள். பேர் எழுதாத, கிழியாத பிரதிக்கு அதிக விலை, பேனாவால் எழுதியிருந்தால் குறைவு. இதில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. அட்டையில் '12ஆம் நம்பர் புத்தகம், இரவல் தர மாட்டேன், 10 பைசா கொடுத்தால் ஒரு நாள் தருவேன்' என்று எழுதியிருந்த ஒரு பிரதியைப் பாதி விலைக்குத் தந்தார்கள். வீட்டுத் திண்ணையில் வாடகை நூலகம் நடத்திய ஒரு பிள்ளையின் விளம்பரம் அது. எனக்கு அந்தப் பிரதிதான் வேண்டியிருந்தது.

பழைய காசு?

ஓட்டைக் காலணா, ஓரம் வளைவு வளைவாக இருக்கும் 10 பைசா, ஆறு மூலை 3 பைசா, தாமரை போட்ட 20 பைசா. எந்த டப்பாவிலும் இவைதான் இருக்கும். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்.

வாங்கியதைப் பிரித்து, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் காசு, உங்கள் பொருள். ஆனால் என்னைக் கேட்டால் கூடாது. நூறு வியாபாரி பிரிப்பார்கள், நாமாவது பிரிக்காமல் இருக்கலாம். பிரித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காலி இடங்களையும் சேர்த்து. என்ன எழுதியிருந்தது, எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பது அதில் நிற்கும்.

பேரம் பேசலாமா?

பேசலாம், சந்தைதானே. பொருளைத் தாழ்த்திப் பேசி மட்டும் விலையைக் குறைக்காதீர்கள். 'குப்பை, இதுக்குப் போய் இவ்வளவா' என்று பத்துப் பேர் சொன்னால், அடுத்த முறை அவர் அதைக் கொண்டுவரவே மாட்டார்.

உள்ளே பெயரும் தெருவும் எழுதியிருந்தால், உரியவரைத் தேடிப் போகலாமா?

நான் போயிருக்கிறேன், இரண்டு முறை.

முதல் முறை ஒரு காமிக்ஸ் கட்டு. உரியவர் அதே வீட்டில் இருந்தார், ஐம்பது வயதுக்கு மேல். வாசலிலேயே நிறுத்தி, 'அது நானே போட்டதுதாங்க. வேண்டாம், நீங்க வச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டார். குரலில் கோபம் இல்லை, ஆனால் உள்ளே கூப்பிடவும் இல்லை. தூக்கிப் போட்டதற்கு அவருக்கு என்ன காரணமோ, அதைத் தொட எனக்கு உரிமை இல்லை என்று புரிந்தது.

இரண்டாவது முறை தீப்பெட்டிப் படங்கள் போட்ட பிஸ்கட் டின். 150 ரூபாய்க்கு வாங்கியது. மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் கீறிய பெயரும், ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் தெருப் பெயரும் இருந்தன. போய் விசாரித்தால் அவர் காலமாகி நாலு வருடம். அவருடைய அக்கா இருந்தார், எழுபது வயதிருக்கும். டின்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். படங்களைத் தரையில் பரப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு கிளிப் படத்தை எடுத்து, 'இது நான் குடுத்தது. ரேஷன் கடை வாசல்ல கிடந்துது' என்றார். அதன்பின் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இது மதுரைக்குப் போனபோது, இது காய்ச்சலில் கிடந்தபோது அப்பா கொண்டுவந்தது. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் டின்னை வைத்துவிட்டு வந்து என் கையில் 150 ரூபாயைத் திணித்தார். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். அப்புறம் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வந்திருந்தால் நான் கொடுத்த தானமாகிவிடும், தம்பியின் பொருளை அக்கா மீட்டதாக இருக்காது.

ஆகவே என் வழக்கம் இது. முதலில் தகவல் மட்டும் சொல்லி அனுப்புவது, வேண்டுமா என்று கேட்பது, வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவது. பெயரையும் விலாசத்தையும் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது.

எப்படிப் பாதுகாப்பது?

முதல் எதிரி சோற்றுப் பசை. ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஆனால் அதற்காகத் தண்ணீரில் நனைத்துப் பிரிக்க வேண்டாம், எழுத்து மை கரைந்துவிடும். வாங்கி வந்ததும் மென்மையான தூரிகையால் ஒவ்வொரு பக்கத்தையும் துடைத்து, நிழலில் ஒரு நாள் விரித்து வையுங்கள். வெயிலில் வேண்டாம், சாயம் போய்விடும்.

செல்லோடேப் போடவே கூடாது. சில வருடங்களில் பழுப்பாகி, உரித்தால் காகிதத்தோடு வரும். லேமினேஷன் அதைவிட மோசம், அதன்பின் எதையும் திருத்த முடியாது. மலிவான பிளாஸ்டிக் உறைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல் நிற்கும் இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரணில் வைக்காதீர்கள், அங்கே சூடும் அதிகம், மழைக்காலத்தில் ஈரமும் இறங்கும். அந்துருண்டை போட்டால் காகிதத்தில் படாதபடி துணியில் முடிந்து போடுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்துப் புரட்டுவது எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, ஆள் நடமாட்டம் இருக்கும் புத்தகத்தில் பூச்சி தங்காது.

நோட்டுத் தாள் பழுப்பாகி, மடித்தால் உடைகிற நிலையில் இருந்தால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். அது நாளுக்கு நாள் மோசமாகத்தான் போகும்.

பெற்றோர் வீட்டைக் காலி செய்கிறோம். ஒரு டப்பா கிடைத்திருக்கிறது. என்ன செய்வது?

யாருடையது என்று தெரிந்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். படம் எடுத்து அனுப்பினால் போதாது, போனில் பேசுங்கள். 'உன் கோலி டப்பா கிடைச்சிருக்குடா' என்று சொன்னதும் எதிர்முனையில் வரும் சத்தத்தை வைத்தே என்ன செய்வது என்று தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கிறார், இடமில்லை என்றால் எல்லாவற்றையும் வைக்க வேண்டியதில்லை. எதை வைப்பது என்று அவரையே கேளுங்கள். நீங்களாக ஒன்றை எடுத்தால் அவர் கேட்காததைத்தான் எடுப்பீர்கள்.

யாருடையது என்றே தெரியாவிட்டால், எடைக்குப் போடுவதற்குப் பதில் பழைய புத்தகக் கடைக்காரரிடம் தனியாகக் கையில் கொடுங்கள்.

ஆல்பத்தில் காலிப் பக்கங்கள் இருக்கின்றன. என் பிள்ளை அதில் தொடர்ந்து ஒட்டலாமா?

1973 ஆல்பத்தில் கடைசி 11 பக்கங்கள் காலி. என் தங்கை மகள் இதையே கேட்டாள். அவளுக்கு எட்டு வயது, வீட்டுக்கு வந்த கூரியர் உறைகளில் இருந்து ஸ்டிக்கர் உரித்துச் சேர்க்கிறாள், ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் அவள் பார்த்ததே குறைவு. அந்த நோட்டில் வேண்டாம் என்று சொல்லி, அதே லாங் சைஸில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பழைய ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து முதல் பக்கத்தில் தலைப்பு எழுதினாள். 'அம்மா ஆபீஸ்' என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, கூரியர் கொண்டுவரும் அண்ணனின் பெயர் என்ன என்று கேட்டாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை வரும்போது கேட்க வேண்டும் என்று இடம் விட்டு வைத்திருக்கிறாள்.